அடுத்த சிப் வரட்டும் என்று நிற்பதா, இருப்பதை வாங்குவதா

பெருந்துறையில் இருக்கும் என் சித்தப்பா மகன் மூன்று வருடமாக லேப்டாப் வாங்கப் போகிறான். 2023-இல் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராபிக்ஸ் சிப் லேப்டாப்பில் வந்தபோது, "விலை சித்த எறங்கட்டுங்ணா" என்றான். விலை இறங்கியபோது, 50 வரிசை வரப்போகிறது என்ற செய்தி வந்துவிட்டது. 2025-இல் அதுவும் வந்தது. "மொத லாட்டுல எதையும் எடுக்கப்படாதுங்ணா" என்றான். போன வாரம் மறுபடியும் போன்.

"ஏனுங்ணா, அடுத்தது 12 ஜிபி மெமரியோட வருதாமா. இன்னொரு ஆறு மாசம் பொறுத்துப் பாக்கட்டுங்களா?"

எங்கள் பெரியப்பா ஒருவர் வருடம் தவறாமல் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போவார். அங்கே கூடுகிற குதிரைச் சந்தையில் ஒவ்வொரு குதிரைக்கும் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், விலை கேட்பார். ஒரு நாள்கூடக் குதிரையோடு வந்ததில்லை, பொரி உருண்டையோடுதான் வருவார். அவருக்குக் குதிரை தேவையே இல்லை, பார்ப்பதில்தான் சந்தோஷம். தம்பி கதை அப்படியில்லை. பனியன் கம்பெனிகளுக்கு முப்பரிமாண சாம்பிள் செய்து கொடுப்பது அவன் தொழில். டெக் பேக் என்கிற டிசைன் விவரத் தாள்கள் கைக்கு வந்ததும் துணியை வெட்டித் தைத்து கூரியரில் அனுப்புவதற்கு முன், அதே டி-சர்ட்டைத் திரையில் தைத்து, பொம்மைக்குப் போட்டு, பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கு, சுற்றிக் காட்ட வேண்டும். அவன் வைத்திருக்கும் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது. அதனால் வேலையை அதில் செய்துவிட்டு, கடைசி ரெண்டருக்கு, அதாவது முழுத் தரப் படமாக்கும் வேலைக்கு மட்டும் கோயம்புத்தூரில் ஒருவருடைய ஸ்டுடியோவுக்கு பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவான். மணிக்கு 250 ரூபாய். மாதம் 16 மணி நேரம் ஆகிறது என்று அவனே சொன்னான்.

4,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 96,000. பஸ் சார்ஜ் தனி.

இந்தக் கணக்கைச் சொன்னதும் போனில் சத்தமே இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட ஒரு நல்ல லேப்டாப்பின் விலையை அவன் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டான், லேப்டாப்தான் வீட்டுக்கு வரவில்லை.

இதே நேரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இதே கேள்வி. ஒருத்தி என் அக்கா மகள், கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இன்னொருவன் நான். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் சின்ன ஆபீஸ், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு ஆர்ட்வொர்க் போட்டுத் தருகிறேன். என் லேப்டாப்பில் இருப்பது 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650, அந்த சிப் லேப்டாப்பில் வந்தது 2019-இல். மூன்று பேரும் ஒரே சந்தையைத்தான் பார்க்கிறோம், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வரப்போவதாகச் சொல்லப்படும் சிப்பைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதை ஒதுக்கிவிட்டு நாட்காட்டியை மட்டும் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். என்விடியாவின் லேப்டாப் கிராபிக்ஸில் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40, 50 ஆகிய நான்கு வரிசைகளும் 2019, 2021, 2023, 2025 ஜனவரிகளில் அறிவிக்கப்பட்டவை. எல்லாம் சிஇஎஸ் என்கிற மின்னணுக் கண்காட்சி நேரம், எல்லாம் ஒற்றைப்படை வருடம். 2026 ஜனவரியில் புது சிப் எதுவும் மேடை ஏறவில்லை, விளையாட்டுப் படத்தைக் கூர்மையாக்கும் டிஎல்எஸ்எஸ் மென்பொருளின் 4.5 பதிப்புதான் வந்தது. ஆக, பழக்கம் மாறாமல் இருந்தால் அடுத்தது 2027 ஜனவரி. இது என் ஊகம், கம்பெனி சொன்ன தேதி இல்லை.

ஆனால் அறிவிப்பு வேறு, நம்ம கைக்கு வருவது வேறு. போன தடவை என்ன நடந்தது என்று பாருங்கள். 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். முதலில் கடைக்கு வந்தவை 5090, 5080 மாதிரி லட்சங்களில் விலை போட்ட மாடல்கள், அதுவும் மார்ச் கடைசியில். நாம் வாங்குகிற 5060 மே மாதம்தான் வந்தது, 5050 அதற்கும் பின்னால். வந்த புதிதில் தள்ளுபடியும் இருக்காது. எனவே "2027 ஜனவரி வரை பொறுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையில் 2027 ஆடி வரை பொறுக்கிறார். தம்பி கேட்ட ஆறு மாதம் கணக்கிலேயே வராது.

நடுவில் ஏதாவது வராதா என்றால், வரலாம். அவன் சொன்ன 12 ஜிபி கதை முழுக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது, அதற்கு ஓர் அடிப்படை உண்டு. கிராபிக்ஸ் மெமரி ஒரே துண்டாக வருவதில்லை, சிப்பைச் சுற்றிச் சின்னச் சின்ன வில்லைகளாக உட்காரும். 5060, 5070 லேப்டாப் சிப்புகளுக்கு 128 பிட் பாதை. ஒரு வில்லைக்கு 32 பிட், ஆக நான்கு வில்லைதான் இடம். வில்லை ஒன்றுக்கு 2 ஜிபி என்றால் மொத்தம் 8 ஜிபி. 4060-இலும் 8, 4070-இலும் 8, 5060-இலும் 8, 5070-இலும் 8 என்று சலிக்கச் சலிக்க அதே எண் வருவதற்குக் காரணம் இதுதான். இப்போது 3 ஜிபி வில்லைகள் வந்துவிட்டன. 5090 லேப்டாப்பில் எட்டு வில்லை போட்டு 24 ஜிபி ஆக்கியது அப்படித்தான். அதே வில்லையை நான்கு இடத்தில் போட்டால் 12 ஜிபி. சிப்பை மாற்றவே வேண்டாம், வில்லையை மாற்றினால் போதும். காத்திருப்பதற்கு மதிப்புள்ள ஒரே மாற்றம் இது என்று நினைக்கிறேன். மற்றபடி பத்து சதவீதம் வேகம், பதினைந்து சதவீதம் வேகம் என்பதெல்லாம் பையர் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை.

சரி, அந்த 12 ஜிபி யாருக்கு வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு. துணியின் படம் ஒன்றை 8கே அளவில், அதாவது 8192-க்கு 8192 புள்ளிகளில் வைத்திருக்கிறீர்கள். ஒரு புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் 256 எம்பி. நிறத்துக்கு ஒரு படம், மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று, இழை தூக்கலுக்கு ஒன்று என்று ஒரு துணிக்கு நான்கு. அதுவே 1 ஜிபி. பாடிக்கு ஒரு துணி, கழுத்துக்கு ரிப், உள்ளே ஃப்ளீஸ், மேலே பிரிண்ட் என்று ஒரு ஹூடி போட்டால் 4 ஜிபி போய்விட்டது. பொம்மை, வெளிச்சம், விண்டோஸ் எடுத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். ஆனால் அதே படங்களை 4கே-வாகக் குறைத்தால் ஒவ்வொன்றும் 64 எம்பி, மொத்தமும் கால்வாசி ஆகிவிடும். நம் பையர்களில் பாதிப் பேர் அந்த ரெண்டரை வாட்ஸ்அப்பில் போனில்தான் பார்க்கிறார்கள். அதற்கு 8கே-வில் இழை எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. தம்பிக்கு 8 ஜிபி போதும், ஃபைலைக் குறைக்கப் பழகினால்.

12 ஜிபிக்கு மேல் உண்மையிலேயே வேண்டியவர்கள் வேறு ஒரு கூட்டம். டிசைனைச் செயற்கை நுண்ணறிவு மாடல்களை வைத்துச் சொந்த மெஷினிலேயே உருவாக்குகிறவர்கள். பையரின் ஆர்ட்வொர்க்கை வெளி சர்வரில் ஏற்றக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கம்பெனிகளுக்கு வேலை செய்தால் இது தேவைப்படும். எஸ்டிஎக்ஸ்எல் மாதிரி படம் வரையும் மாடல் 8 ஜிபியில் ஓடிவிடும். 2024-இல் வந்த ஃப்ளக்ஸ் என்ற மாடல் 1,200 கோடி அளவுருக்கள் கொண்டது. முழுத் தரத்தில் 24 ஜிபி கேட்கும், சுருக்கிய பதிப்புகள்தான் 8, 12-க்குள் அடங்கும். அந்த வேலைக்கு லேப்டாப்பையே நினைக்க வேண்டாம் என்பது என் கட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

காத்திருப்புக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது, கம்ப்யூட்டர் சாமான் நாளாக நாளாக மலியும் என்பது. இருபது வருடம் அது உண்மையாகவும் இருந்தது. போன தீபாவளிக்கு வாங்கியதைவிட இந்தத் தீபாவளிக்கு அதே பணத்தில் கூடுதலாகவே கிடைக்கும். 2025 கடைசியில் அந்த வழக்கம் உடைந்துவிட்டது. டேட்டா சென்டர்களுக்கு மெமரி போதாமல், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. மைக்ரான் தன் க்ரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்ற ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நான் 16 ஜிபி லேப்டாப் ரேம் ஒன்றுக்கு விலை கேட்டு, "நாளைக்கு வரேன்" என்று சொல்லி, பத்து நாள் கழித்துப் போனேன். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, அவர் இரண்டு ரேமுக்குச் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நூல் விலை தெரிந்த திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் ஏறும்போது ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு "அடுத்த மாதம் இறங்கும்" என்று நின்றவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கிராபிக்ஸ் மெமரியும் அதே மூன்று கம்பெனிகளிடமிருந்துதான் வர வேண்டும். மெமரி தட்டுப்பாடான காலத்தில், மலிவு மாடலுக்கு ஒன்றரைப் பங்கு மெமரி போட்டு, விலையையும் ஏற்றாமல் தருவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. 12 ஜிபி வரும், வரும்போது விலையோடு வரும்.

இப்போது பெயரை விட்டு பல்லைப் பார்ப்போம். லேப்டாப் கிராபிக்ஸில் பல் என்பது வாட், அதாவது சிப்பை எவ்வளவு மின்சாரம் குடிக்க விட்டிருக்கிறார்கள் என்பது. ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்பில் ஒன்று 45 வாட்டில் ஓடும், இன்னொன்று 115 வாட்டில் ஓடும். இரண்டும் பொய்யில்லை, அந்தச் சிப்புக்கு 35 முதல் 115 வரை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. 45 வாட் 4060-ஐவிட முழு வாட் 4050 சில வேலைகளில் முந்திவிடும். பெயரை நம்பிக் காசு கொடுப்பது, காங்கேயம் காளை என்று சொன்னதைக் கேட்டுக் கட்டுத்தறிக்குப் போகாமலே பணத்தை எண்ணிக் கொடுப்பது போல. டெஸ்க்டாப் பெயரையும் லேப்டாப் பெயரையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இதைவிட மோசம். டெஸ்க்டாப் 5070-இல் 12 ஜிபி மெமரி, கணக்குப் போடும் சின்ன அலகான கோர் 6,144. லேப்டாப் 5070-இல் 8 ஜிபி, 4,608 கோர். இரண்டுக்கும் ஒரே பெயர்.

வாட் எவ்வளவு என்று 2021-க்குப் பிறகு பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்தில் மாடல் பக்கத்தின் அடியில் போடுகின்றன. கடையில் நிற்கும்போது அதைத் தேட நேரமில்லை என்றால் ஒரு குறுக்கு வழி: சார்ஜர் அடாப்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் வாட் இருக்கும், இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 230 வாட் என்றால் செங்கல் மாதிரி கனக்கும், உள்ளே இருப்பது முழு வாட் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். 150-க்குக் கீழே என்றால் சிப்புக்குச் சாப்பாடு போதாது. லேப்டாப் மெலிதாக இருக்கிறதே, அழகாக இருக்கிறதே என்று கை போனால், அந்தக் கையில் முதலில் அடாப்டரை எடுங்கள்.

அடுத்தது சூடு. இதை எந்த விமர்சகரும் நமக்காகச் சோதித்துச் சொல்வதில்லை. அவர்கள் ஏசி அறையில் 23, 24 டிகிரியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஈரோட்டில் சித்திரை மாதம் வெளியே 40-ஐத் தாண்டும்போது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் சாம்பிள் ரூமில் லேப்டாப் உள்ளே இழுக்கிற காற்றே கொதிக்கும். சிப் 90 டிகிரியை நெருங்குவதற்கு முன்பே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்த 115 வாட்டில் 80-தான் கிடைக்கும்.

அதோடு பஞ்சு. எங்கள் ஊரில் காற்றில் பாதி பஞ்சுதான்.

என் லேப்டாப் போன வருடம் ஒரு ராத்திரி ரெண்டர் நடுவில் அணைந்து போனது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பையர் மீட்டிங். மறுபடி போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி அணைந்தது. ஃபேனை வெளியே நிறுத்தி, லேப்டாப்பின் அடியில் இரண்டு ஸ்கேலை வைத்து உயர்த்தி, ஏழு முறை விட்டு விட்டு ஓட்டி விடியற்காலை முடித்தேன். கிராபிக்ஸ் சிப் தேய்ந்துவிட்டது, இனிப் புதிதுதான் என்று நினைத்துத்தான் விலை பார்க்க ஆரம்பித்தேன். சர்வீஸ் செய்கிற பையன் ஒருவன் அடி மூடியைக் கழற்றி, "இங்க பாருங்ணா" என்றான். ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவில் விரல் மொத்தத்துக்கு ஒரு பட்டை. அதை அவன் இடுக்கியால் பிடித்து இழுத்தபோது கம்பளித் துண்டு மாதிரி முழுசாக வந்தது. சாம்பல் நிறம், நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு அடுக்கு. போன சீசனில் பக்கத்து யூனிட்டில் ஓடிய குழந்தைகள் டி-சர்ட்டின் நிறம் அது. ஓவர்லாக் மெஷினில் பறந்த தூசி என் லேப்டாப்புக்குள் வந்து மறுபடியும் துணியாகியிருக்கிறது.

சிப்பின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்து, பிரஷ் போட்டு, 800 ரூபாய் வாங்கினான். அதே ஃபைல் முன்பு 41 நிமிடம் எடுத்தது, அன்று சாயங்காலம் 27 நிமிடத்தில் முடிந்தது. ஒரு தலைமுறை சிப் மாற்றியதற்குச் சமம் அது. ஆகவே ஒப்பீட்டில் முதல் வழி, அதிகச் செலவில்லாத வழி, இதுதான்: இருப்பதைத் திறந்து பாருங்கள். திறக்காமல் எந்தச் சிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். கூடவே ரேம் 8 ஜிபிதான் என்றால், விலை வலித்தாலும் 16 ஆக்குங்கள். ஏழாம் தலைமுறை இன்டெல்லோ அதற்கும் பழையதோ என்றால் இந்தச் செலவு வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் பழசில் முறையாக ஏறாது.

இரண்டாவது வழி, கடையில் மிச்சமிருக்கும் 40 வரிசை. தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். லேப்டாப் 4060-இல் 3,072 கோர், 5060-இல் 3,328. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தயாரிப்பு முறையில் செய்தவை, இரண்டிலும் 8 ஜிபி. 5060-இல் மெமரி ஜிடிடிஆர்7, அதனால் கொஞ்சம் சுறுசுறுப்பு கூடும். 50 வரிசையின் பெரிய விளம்பரமே, வரைந்த ஒரு ஃபிரேமுக்குப் பல ஃபிரேம்களைத் தானாக இட்டுக்கட்டிக் காட்டும் வித்தை. விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது பயன்படும். ரெண்டர் போடுகிறவனுக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை, ஒவ்வொரு ஃபிரேமையும் அவன் முழுசாகத்தான் வரைந்தாக வேண்டும். ஆகவே இரண்டுக்கும் 15,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முழு வாட் 4060 எடுத்துவிட்டு, மிச்சத்தை ரேமில் போடுவது புத்திசாலித்தனம். ஒன்று மட்டும் கவனம்: பழைய ஸ்டாக்கில் பேட்டரி பெட்டிக்குள்ளேயே வயதாகியிருக்கும். பெட்டி மேல் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், வாரண்டி பில் தேதியிலிருந்துதானே என்று எழுதி வாங்குங்கள்.

அக்கா மகளுக்கு இதே வாதத்தைச் சொல்லிவிடக் கூடாது. அவள் பட்ஜெட் லட்சத்துக்குள். அந்தப் படியில் 40 வரிசை என்றால் 4050, அதில் 6 ஜிபி மெமரி, 96 பிட் பாதை. 50 வரிசையில் 5050, அதில் 8 ஜிபி. கோர் இரண்டிலும் 2,560-தான். நான்கு வருடம் ஓட்ட வேண்டிய மெஷினில் அந்த 2 ஜிபி பெரிய வித்தியாசம். மேல் படியில் பழையது லாபம், கீழ்ப் படியில் புதியது லாபம். "எது நல்ல வரிசை?" என்று மொத்தமாகக் கேட்பவர்களுக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அவள் காத்திருக்கவும் முடியாது. மூன்றாம் வருட ப்ராஜெக்ட் 2027 ஆடிக்காக நிற்காது.

தனி கிராபிக்ஸ் சிப்பே இல்லாத புதிய வகைகளைப் பற்றியும் நிறையப் பேச்சு. ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் 128 ஜிபி வரை பொது மெமரியை எடுத்துக்கொள்ளும். இன்டெல்லின் பேந்தர் லேக் சிப் உள்ளேயே வைத்திருக்கும் கிராபிக்ஸும் முன்பு மாதிரி பொம்மை இல்லை. பொதுவான வேலைக்கு நல்ல சாமான்கள்தான். ஆனால் ஆடை முப்பரிமாணத்தில் எங்கள் பக்கம் ஓடுவது பெரும்பாலும் க்ளோ என்ற மென்பொருள். துணி விழுகிற விதத்தை அது கிராபிக்ஸ் சிப்பில் கணக்கிட என்விடியா கேட்கும். எனவே தம்பிக்கு அவை ஆகாது. 2025 செப்டம்பரில் என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்வதாகவும், இருவரும் சேர்ந்து ஒரே சிப்பில் பிராசஸரும் ஆர்டிஎக்ஸும் கொண்டுவருவதாகவும் அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது, பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பற்றி இப்போதே பேச வேண்டாம். லேப்டாப்புக்கு வெளியே பெட்டி வைத்துக் கிராபிக்ஸ் கார்டு மாட்டுவதையும் பார்த்தேன். பெட்டி, கார்டு, கேபிள் எல்லாம் சேர்ந்து ஒரு முழு டெஸ்க்டாப் விலை வருகிறது, கேபிளில் வேகமும் கொஞ்சம் சிந்துகிறது. விட்டுவிட்டேன்.

டெஸ்க்டாப்பைத்தான் நம் ஆட்கள் வீணாக ஒதுக்குகிறார்கள். டெஸ்க்டாப் 5060 டிஐ-இல் 16 ஜிபி மெமரி போட்ட பதிப்பு 2025 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. லேப்டாப்பில் 16 ஜிபி வேண்டுமென்றால் 5080-க்குப் போக வேண்டும், அது இரண்டரை லட்சத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பணத்தில் 16 ஜிபி டெஸ்க்டாப், நல்ல மானிட்டர், வெளியே கொண்டுபோக ஒரு சாதாரண லேப்டாப் மூன்றும் வரும். வில்லை மாற்றம் வந்தால் கார்டை மட்டும் கழற்றி விற்றுவிட்டுப் புதிது மாட்டலாம், லேப்டாப்பில் சிப்பைப் பலகையோடு சேர்த்துப் பற்ற வைத்திருப்பதால் அது நடக்காது. பஞ்சு அடைத்தால் பக்க மூடியைத் திறந்து காற்றடித்தால் போதும். பனியன் கம்பெனியில் ஏர் கன் இல்லாத டேபிள் ஏது? ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், சுழல விட்டு அடித்தால் பேரிங் போய்விடும். இடைஞ்சல் ஒன்றுதான், மாதாந்திர மின்தடை நாளில் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ரெண்டர் ஓடுகிற டெஸ்க்டாப்பை சாதாரண யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், சேவ் செய்து அணைக்க மட்டுமே அது.

வாங்கும் மாதத்தைச் சிப் வதந்தியைவிட உறுதியாகச் சொல்வது வரிக் கணக்கு. லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும், எண் போடாமல் "ரஃப் பில்" வாங்கி இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பவர்கள் லட்ச ரூபாய்ச் சாமானில் பதினெட்டாயிரத்தை விடுகிறார்கள். வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். எனவே கணக்குக் காட்டித் தொழில் செய்பவர் தீபாவளி ஆஃபருக்காக நிற்பதைவிட செப்டம்பர் முடிவதற்குள் வாங்கி வேலையில் இறக்குவது மேல். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் 4060, 115 வாட், ரேம் மாட்ட இரண்டு இடம், தயாரித்து பதினோரு மாதம். தம்பி லேப்டாப்பைத் தொடவே இல்லை, முதலில் அடாப்டரைத்தான் கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டார். பில் போடும்போது இவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங், அடுத்தது எப்பங்க வருது?"

"வருமுங் தம்பி. அது வரப்ப அதுக்கடுத்தது எப்பன்னு கேட்டு இதே மாதிரி ஒருத்தரு நிப்பாருங்."

அக்கா மகளுக்கு 5050 சொல்லியிருக்கிறேன், கல்லூரி அடையாள அட்டை காட்டினால் கிடைக்கிற தள்ளுபடியை அவளே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வாங்கவில்லை. என் வேலையில் பத்துக்கு எட்டு டிசைனை அடுக்கடுக்காகத் திரும்ப வர வைக்கிற ரிபீட் போடுவதும் கலர் பிரிப்பதும்தான், அதற்கு 4 ஜிபி போதும். முப்பரிமாணம் வருடத்தில் இரண்டு சீசன், நாலைந்து ராத்திரி வேலை. அதற்காக லட்சம் போட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் அதைத் துடைத்து வைக்கத் தோன்றவில்லை. 2027 ஆடி வரை பொறுப்பேன், அப்போது 16 ஜிபி டெஸ்க்டாப்பாகவே போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. சீசன் ராத்திரிகளுக்குத் தம்பி மெஷின் இருக்கிறது, மணிக்கு 250 கொடுக்கிறேன் என்று சொன்னேன், "200 போதுங்ணா" என்கிறான். அதுவரைக்கும் மாதக் கடைசிச் சனிக்கிழமை, சம்பளம் போட்டு ஆட்கள் போன பிறகு, லேப்டாப்பின் அடி மூடியில் இருக்கும் பத்து ஸ்குரூவையும் கழற்றிப் பஞ்சு எடுத்துவிடுகிறேன். இந்த மாதம் வந்தது நேவி ப்ளூ.